பி.எஸ்சி. எல்எல்.பி. படிக்கும்போது வாரத்தைப் பிரிப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

அறிவியலும் சட்டமும் சேர்ந்த படிப்பில் இரண்டு விதமான வேலை வரும். லேப் வேலை அன்று கரைக்கு வந்த மீன் மாதிரி. அன்றைக்கே ஆய்ந்து கழுவி முடிக்காவிட்டால் மறுநாள் நாறும். சட்ட வாசிப்பு கருவாடு மாதிரி. வெயில் இருக்கும்போது காயவைத்து எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். மழை தொடங்கியபின் காயவைக்க முடியாது. முதலாண்டில் பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள். மூன்று மாத ரெக்கார்டைக் கடைசி வாரத்தில் எழுதுகிறார்கள், சட்டப் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின இரவில் திறக்கிறார்கள். அரியர் விழுவது பாடம் கடினம் என்பதைவிட இந்த வரிசைப் பிசகினால்தான் அதிகம்.

சேருமுன் தெரிய வேண்டியவை

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலோடும், காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடயவியலோடும் பி.எஸ்சி. எல்எல்.பி. இருக்கிறது. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.சி.ஏ. எல்எல்.பி. உண்டு. இன்னொன்று, ஊரிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, பிறகு காலாப்பட்டு டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியிலோ விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியிலோ மூன்றாண்டு எல்எல்.பி. சேர்வது. ஒரு வருஷம் கூடுதலாகும், ஆனால் சுமை ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளியூர் விடுதிச் செலவும் மிச்சம். கணக்கும் லேப்பும் பிடித்து, சட்டம் பிடிக்குமா என்று தெரியாதவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகள் 2008-இல் உள்ள 13-ஆம் விதிப்படி, ஒருங்கிணைந்த படிப்பில் இடையில் இறங்க முடியாது. மூன்று வருஷம் படித்துவிட்டு ‘பி.எஸ்சி. மட்டும் கொடுங்கள், போகிறேன்’ என்றால் தரமாட்டார்கள். அதேபோல 6-ஆம் விதி, எல்எல்.பி. படித்துக்கொண்டே வேறொரு ரெகுலர் பட்டத்தில் சேர்வதைத் தடுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு பட்டம் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று 2022-இல் சொன்னதை நம்பி, காலையில் பி.எஸ்சி., மாலையில் எல்எல்.பி. என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். தொலைநிலைப் படிப்புக்கும், மொழி, கணினி தொடர்பான குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்புக்கும் மட்டும் அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது.

முதல் வேலை: மணிக்கணக்கை எழுதிப் பார்ப்பது

விதிப்படி ஒருங்கிணைந்த படிப்பின் ஒரு செமஸ்டர் 18 வாரத்துக்குக் குறையக் கூடாது. ஆனர்ஸ் என்றால் வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேர வகுப்பு, அதில் 30 மணி விரிவுரை. ஆனர்ஸ் இல்லாவிட்டால் 30 மணி, அதில் 24 விரிவுரை. தாள் கணக்கு வேறு: கட்டாயத் தாள் 20, செய்முறைச் சட்டத் தாள் 4, விருப்பத் தாள் 6, ஆனர்ஸ் தாள் 8. சட்டத்தில் மட்டும் 38. அறிவியல் தாள்கள் இதற்கு மேல்.

வாரத்தில் 168 மணி. தூக்கம் 49 போகட்டும். வகுப்பு 36. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது என்று நாளுக்கு 3 மணி வைத்தால் 21. விடுதியில் இருப்பவருக்கு 62 மணி மிஞ்சும். வீட்டிலிருந்து போய்வருபவருக்கு அப்படியில்லை. கடலூரிலிருந்து காலாப்பட்டு சுமார் 35 கிலோமீட்டர். புதுச்சேரி பேருந்து நிலையத்தில் மாறி ஏற வேண்டும். ஒரு நடைக்கு ஒன்றரை மணி என்றால் ஆறு நாளுக்கு 18 மணி போய்விடும். மூன்றாண்டு எல்எல்.பி.க்கு இப்படிப் போய்வருபவருக்கு வகுப்பு 30 மணி என்று வைத்தாலும் 50 மணிதான் மிஞ்சும்.

அந்த 50-இல் பாதியைத்தான் நம்பலாம். மின்வெட்டு, உறவுக்காரர் கல்யாணம், தலைவலி, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் மற்ற பாதியில் போகும். ஆக உருப்படியான படிப்பு நேரம் வாரத்துக்கு 25 மணி. முதல் அட்டவணையை 25-க்குப் போடுங்கள். 45 மணிக்கு அட்டவணை போட்டவர்கள் இரண்டாவது வாரமே அதைக் கிழித்துப் போடுவார்கள்.

பஸ் நேரத்தைப் படிப்பில் சேர்க்காதீர்கள். கடலூர்–பாண்டி தனியார் பஸ்ஸில் ஓடும் பாட்டுக்கு நடுவே தீர்ப்பு படிக்கவே முடியாது. உட்கார இடம் கிடைத்தால், ஒரு சின்ன அட்டையில் எழுதிய பத்துப் பிரிவு எண்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் குமட்டல்தான் வரும்.

லேப்பும் சட்டமும் சேர்ந்து வரும் ஒருங்கிணைந்த படிப்பில் 25 மணியைப் பிரிப்பதற்கு ஒரு தொடக்கக் கணக்கு: லேப் முன்தயாரிப்பும் ரெக்கார்டும் 5, அறிவியல் கணக்குப் பயிற்சி 6, சட்ட வாசிப்பு 9, எழுதிப் பார்ப்பது 3, திருப்பிப் பார்ப்பது 2. மூன்றாவது வாரத்தில் உண்மையில் எவ்வளவு ஆனது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு போடும் வேலையைத் தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். பலருக்கு அது காலை. வாசிப்பைச் சாயங்காலத்துக்குத் தள்ளலாம். இரண்டு சட்டத் தாளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இரண்டாவது மண்டையில் ஏறாது. நடுவில் ஒரு இயற்பியல் கணக்கோ ஒரு புரோகிராமோ போட்டால் ஏறும். இந்தப் படிப்பில் உள்ள ஒரே சலுகை இதுதான், விட்டுவிடாதீர்கள்.

லேப் நாள்

லேப்புக்கு முந்தின இரவு 25 நிமிடம் ஒதுக்குங்கள். அப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், கொள்கை இரண்டு வரி, வாய்பாடு, அளவீட்டு அட்டவணைக்கான கோடுகள் இவ்வளவும் போட்டுவிட்டுப் போனால், லேப்பில் கை வேலை மட்டும்தான் மிச்சம்.

லேப்பில் அளவீட்டை நேராக நோட்டில், பேனாவில் எழுதுங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதிப் பிறகு ‘அழகாக’ மாற்றி எழுதும் பழக்கம் வேண்டாம். காகிதம் தொலையும். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அழிப்பானோ வெள்ளை மையோ கூடாது. சட்டத்தில் ஆவணங்களைப் பற்றிப் படிக்கும்போது இதே ஒழுக்கம்தான் வரும். திருத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மறைந்திருக்கக் கூடாது. டைட்ரேஷனில் ஒத்துவரும் அளவீடு கிடைக்கும்வரை செய்யுங்கள். முதல் அளவீட்டையே மூன்று தடவை எழுதி வைத்தால், புற மதிப்பீட்டாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கையெழுத்து வாங்காமல் லேப்பை விட்டு வெளியே வராதீர்கள்.

கணக்கையும் வரைபடத்தையும் அன்று இரவே முடியுங்கள். ரெக்கார்டை 48 மணி நேரத்துக்குள் எழுதினால் ஒரு சோதனைக்கு ஒரு மணி, அதிகம் போனால் ஒன்றரை மணி. மூன்று வாரம் தள்ளிப்போட்டால் அதே சோதனைக்கு மூன்று மணி ஆகும். என்ன நிறம் மாறியது, எந்த அளவில் நிறுத்தினோம் என்பதெல்லாம் மறந்து, நண்பனின் நோட்டைத் தேட வேண்டிவரும். நண்பனின் ப்யூரெட் அளவுகள் அப்படியே உங்கள் நோட்டிலும் இருந்தால் இரண்டு பேருக்கும் மதிப்பெண் போகும்.

சில சோதனைகள் நாள்காட்டி பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கழிவுநீரின் பி.ஓ.டி. (நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன் அளவு) சோதனையை இந்தியத் தர முறையில் 27 டிகிரியில் 3 நாள் வைப்பார்கள். வியாழக்கிழமை வைத்தால் மூன்றாவது நாள் ஞாயிறு, லேப் பூட்டியிருக்கும். வியாழனைத் தவிர்ப்பதே சரி. சி.ஓ.டி. (கழிவை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) சோதனையில் டைக்ரோமேட்டோடு 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்ய வேண்டும், அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைக்க வேண்டும். சோதிப்பது உப்புத் தண்ணீர் என்றால் குளோரைடு குறுக்கிடும், அதற்கு மெர்குரிக் சல்பேட் சேர்க்காவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். உப்பனாற்று நீர் எடுத்து ப்ராஜெக்ட் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்த 2 மணி நேரம் வேறொன்றுக்கும் பயன்படும். அதைக் கீழே பார்ப்போம்.

சட்ட வாசிப்பு

ஒவ்வொரு தாளுக்கும் மூன்று அடுக்கு இருக்கிறது: வெறும் சட்ட வாசகம், பாடநூல், தீர்ப்பு. புதியவர்கள் பாடநூலில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சட்ட வாசகத்திலிருந்து தொடங்குங்கள். இந்தியா கோட் இணையதளத்தில் மத்தியச் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பிரிவைப் படிக்கும்போது அதன் உறுப்புகளைத் தனித்தனியாகப் பாருங்கள். முதன்மை வாசகம், ‘எனினும்’ என்று வரும் வரம்புரை, விளக்கம், எடுத்துக்காட்டு, விதிவிலக்கு என்று ஐந்தும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ‘மற்றும்’ வருகிறதா ‘அல்லது’ வருகிறதா என்று வட்டமிடுங்கள். நிபந்தனை எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டுமா, ஒன்று போதுமா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. லாஜிக் கேட் படித்த கணினி அறிவியல் மாணவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், நீதிமன்றத்தில் இரண்டு எண்களும் இன்னும் பல வருஷம் ஓடும். நோட்டின் பின்னட்டையில் இரண்டு பத்தி போட்டுப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதுங்கள். கொலைக்குத் தண்டனை 302 இப்போது 103. ஏமாற்று 420 இப்போது 318. முதல் தகவல் அறிக்கை 154 இப்போது 173. மின்னணுச் சாட்சியம் 65பி இப்போது 63. சீனியர்கள் இன்னும் ‘முன்னூத்தி ரெண்டு’ என்றுதான் சொல்வார்கள். பரீட்சைத் தாளில் நீங்களும் அப்படியே எழுதினால், புதிய சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள். 420 என்ற பிரிவே புதியதில் கிடையாது. மொத்தமே 358 பிரிவுகள்தான்.

தீர்ப்பைக் கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்தால் நேரம் கரையும். முதலில் கடைசிப் பத்திக்குப் போய் என்ன உத்தரவு என்று பாருங்கள். பிறகு வழக்கின் சங்கதி, எழுந்த கேள்வி, நீதிமன்றம் சொன்ன காரணம் என்று பின்னோக்கி வாருங்கள். ஒரு தீர்ப்புக்கு ஒரே பக்கம்: சங்கதி ஐந்து வரி, கேள்வி, முடிவு, காரணம் நாலைந்து வரி. ஒரு பக்கத்தில் அடங்கவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். இருபது பக்கத் தீர்ப்புக்கு ஆரம்பத்தில் இரண்டு மூன்று மணி ஆகும், இரண்டாம் ஆண்டில் ஒரு மணிக்குள் வரும். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிய 1973-ஆம் ஆண்டுக் கேசவானந்த பாரதி தீர்ப்பை முதலாண்டிலேயே முழுக்கப் படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். 13 நீதிபதிகள், 7-க்கு 6 என்ற பெரும்பான்மை, நூற்றுக்கணக்கான பக்கங்கள். அதன் சாரத்தைப் பாடநூலில் படித்தால் இப்போதைக்குப் போதும். தீர்ப்பின் தலைப்பில் உள்ள சுருக்கக் குறிப்பு பதிப்பாளர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. அதை மேற்கோள் காட்டினால் மாதிரி நீதிமன்றப் (மூட் கோர்ட்) போட்டியில் மாட்டிக்கொள்வீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்திலும், பிற தீர்ப்புகள் இந்தியன் கானூன் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் கட்டுக் கட்டாக எடுத்து அடுக்கி வைப்பது படித்த மாதிரி ஒரு மயக்கத்தைத் தரும், அவ்வளவுதான்.

இரண்டும் சேரும் இடத்துக்கு ஒரு தனி நோட்டு

நேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்துவது இந்த நோட்டுதான். ஒரே விஷயம் லேப்பிலும் சட்டத்திலும் வரும்போது இரண்டு தடவை படிக்காமல், இடப்பக்கம் அறிவியலும் வலப்பக்கம் சட்டமுமாக எழுதுங்கள்.

மேலே சொன்ன சி.ஓ.டி. சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் செய்முறை. வலப்பக்கம் 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மாதிரி எடுப்பதை ஆலைக்காரருக்கு அங்கேயே அப்போதே அறிவிக்க வேண்டும், அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டு பாத்திரத்திலும் குறியிட்டு முத்திரை வைத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த நடைமுறை பிசகினால் அந்தப் பரிசோதனை முடிவு நீதிமன்றத்தில் செல்லாது. லேப்பில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது உதவாது. ரிஃப்ளக்ஸ் ஓடும் 2 மணி நேரத்தில் இந்தப் பிரிவைப் படித்துவிடலாம். பக்கத்திலேயே 1996-ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் ஒரு பக்கக் குறிப்பையும் ஒட்டுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில்தான் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. கடலூர் சிப்காட் ஆலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் தானாகவே மனத்தில் நிற்கும்.

கணினி மாணவர்களுக்கு ஹாஷ் மதிப்பு, அதாவது ஒரு கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண். லேப்பில் எஸ்.எச்.ஏ.256 கணக்கிட்டுப் பார்த்திருப்பீர்கள். சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அதே ஹாஷ் மதிப்பை எழுதுவதற்கு இடம் இருக்கிறது. படிவம் இரண்டு பகுதி, ஒன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடயவியல் மாணவர்கள் நார்கோ சோதனைக்கு (மருந்து கொடுத்து விசாரிப்பது) எதிரே, சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்ற 2010-ஆம் ஆண்டு செல்வி வழக்கையும், குற்ற இட ஆய்வுக்கு எதிரே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)-ஐயும் எழுதலாம். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் தடய நிபுணர் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பிரிவு. வேதியியலும் உயிரியலும் எடுத்தவர்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு ஒரு நல்ல தொடக்கம். தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, பலன் கூடாதவரை காப்புரிமை இல்லை என்பது அது.

காப்புரிமை என்றதும் ஒன்று. காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும், எல்எல்.பி. மட்டும் போதாது. நான்காம் ஆண்டு வந்ததும் ‘இனி வக்கீல்தானே’ என்று அறிவியல் தாள்களைக் கைவிடுபவர்கள், தங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் கதவைத் தாங்களே சாத்துகிறார்கள்.

20 வார இன்டர்ன்ஷிப்

ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. அதாவது வருஷத்துக்கு ஒரு நாலு வாரம் என்று விதியே கணக்குப் போட்டுத் தந்திருக்கிறது. முதலாண்டு விடுமுறையைச் சும்மா கழித்தால், பிறகு ஏதோ ஒரு வருஷத்தில் இரண்டு தனித்தனி நாலு வாரம் தேட வேண்டும். ப்ராஜெக்ட் வேலைக்கு நடுவில் அது நடக்காது.

இங்கே ஊர் நடப்பு தெரிந்திருக்க வேண்டும். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. மே முதல் தேதி கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு சிவில் வக்கீலிடம் போய் நின்றால், ஒரு மாதம் அலுவலகத்தில் கட்டு அடுக்கும் வேலைதான் கிடைக்கும். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுகள் நடக்கும். ஆகவே மே மாதம் என்றால் குற்ற வழக்கு நடத்துபவரிடம் அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேருங்கள். சிவில் விசாரணை பார்க்க வேண்டுமானால் கல்லூரியின் ஜூன் அல்லது டிசம்பர் விடுமுறையில் சேருங்கள். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீடு நடத்தும் வழக்கறிஞரிடமும் ஒரு தடவையாவது இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு நாலு வாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒதுக்குங்கள். புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. ஒழுங்குமுறை அமைப்புகளும் கணக்கில் வரும் என்பதால், கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திலோ இடம் கிடைத்தால் அறிவியலும் சேர்ந்துவிடும். சேருமுன் கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கெல்லாம் மதிப்பெண் நான்காவது செய்முறைத் தாளில்: மாதிரி நீதிமன்றம் 30, வழக்கு விசாரணையைப் பார்த்து எழுதுவது 30, கட்சிக்காரர் நேர்காணலும் ஆவணத் தயாரிப்பும் 30, வாய்மொழித் தேர்வு 10. வழக்கு பார்ப்பதில் ஒன்று சிவில், ஒன்று கிரிமினல். ஒரே வழக்கைப் பல நாள் பின்தொடர வேண்டும். ஆனால் நீங்கள் போகும் நாளெல்லாம் வாய்தா போடுவார்கள். ஏற்கெனவே சாட்சி விசாரணை தொடங்கிவிட்ட வழக்கைக் காட்டச் சொல்லி சீனியரைக் கேளுங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்தால் அடுத்த தேதி தெரிந்துவிடும், வீண் நடை இருக்காது. சீனியருக்கு நேரம் இருக்காது. குமாஸ்தாவோடு பழகுங்கள், எந்தக் கட்டு எங்கே நகர்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். டைரியில் அன்றன்று அரைப் பக்கம் எழுதுங்கள், கட்சிக்காரர் பெயரை எழுதாதீர்கள்.

உடை: கருப்பு அல்லது வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, கருப்பு டை, கருப்புக் கோட்டு, மூடிய ஷூ. பெண்களுக்கு விதியிலேயே சேலை போன்ற மாற்றும் உண்டு. நம் ஊர் மே வெயிலில் இது தண்டனைதான். சட்டை மூன்று வைத்துக்கொள்ளுங்கள், கோட்டை நீதிமன்ற வாசலில் மாட்டிக்கொள்ளலாம்.

மழைக்காலமும் வருகைப் பதிவும்

ஜூலையில் தொடங்கும் செமஸ்டரின் செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வும் வடகிழக்குப் பருவமழையோடு மோதும். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையில்தான் ஏறின. விடுமுறை விட்டால் வகுப்பு சனிக்கிழமைக்குப் போகும், செய்முறைத் தேர்வு தேதி மாறும், கரண்டும் இண்டர்நெட்டும் இருக்காது. அக்டோபர் 15-க்குள் அதுவரை நடந்த சோதனைகள் எல்லாவற்றுக்கும் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி முடித்திருக்க வேண்டும். நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து வையுங்கள். ரெக்கார்டைத் தடித்த பாலிதீன் உறையில் போட்டு, தரையிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காமல் பரண்மேல் வையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது கட்டிலுக்கு அடியில் இருக்கும் பைதான். தீர்ப்புகளைத் தரவிறக்கி வையுங்கள்.

வருகை: பார் கவுன்சில் விதி ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் கேட்கிறது. தக்க காரணம் இருந்தால், அந்தத் தாளில் 65-உம் எல்லாத் தாளும் சேர்த்து 70-உம் இருந்தால் முதல்வர் அனுமதிக்கலாம். அறிவியல் தாளுக்குப் பல இடங்களில் 75. இதில் கண்ணுக்குத் தெரியாத பொறி லேப்தான். 60 மணி நேரத் தாளில் 18 மணி நேரம் விடலாம் என்று தோன்றும். ஆனால் 3 மணி நேர லேப் 12 தடவைதான் நடக்கிறது என்றால், மூன்றுக்கு மேல் விட்டால் போயிற்று. மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வெளியூர் போகிறவர்கள் சட்ட வகுப்பை விட்டதற்குப் பணி விடுப்பு (ஓ.டி.) வாங்கிவிட்டு, லேப்பை மறந்துவிடுவார்கள். கிளம்புமுன் லேப் பொறுப்பாளரிடம் சொல்லி, வேறு பேட்ச்சோடு அந்தச் சோதனையைச் செய்ய அனுமதி கேளுங்கள். திரும்பி வந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

எழுத்துத் தேர்வு

சட்டத் தேர்வில் மூன்று மணி நேரம் கை ஓட வேண்டும். அறிவியல் பிள்ளைகள் சுருக்கமாக எழுதிப் பழகியதால் ஒன்றரைப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு விடையைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், மூன்று பக்கம். சிக்கல் கேள்வி என்றால் வரிசை இது: என்ன கேள்வி எழுகிறது, எந்தப் பிரிவு, அந்தப் பிரிவின் ஒவ்வொரு நிபந்தனையும் இந்தச் சங்கதியில் இருக்கிறதா, முடிவு. மூன்றாவது படிக்குத்தான் மதிப்பெண் அதிகம், பலர் தாண்டிப் போவதும் அதைத்தான். பிரிவை எழுதியதும் ‘எனவே குற்றவாளி’ என்று முடிப்பது, கணக்கில் வாய்பாட்டை எழுதிவிட்டு எண்ணைப் போடாமல் விடை எழுதுவது மாதிரி.

அரியர் விழுந்துவிட்டால்

முதலில் எது லேப், எது எழுத்துத் தாள் என்று பிரியுங்கள். லேப் அரியர் பல இடங்களில் அந்த லேப் மறுபடி நடக்கும் செமஸ்டரில்தான் எழுத முடியும். ஒன்றை விட்டால் ஒரு வருஷம். அதற்கு முதலிடம். அடுத்து, பின்னால் வரும் தாளுக்கு அடித்தளமாக இருப்பது. ஒப்பந்தச் சட்டத்தில் அரியர் வைத்துக்கொண்டு கம்பெனிச் சட்டம் படிப்பதும், முதல் கணிதத் தாளை விட்டுவிட்டு குவாண்டம் இயற்பியல் படிப்பதும் ஒன்றுதான். தனியாக நிற்கும் தாள் கடைசி. ஒரு செமஸ்டரில் அரியர் இரண்டுக்கு மேல் எடுத்து எழுதாதீர்கள். நடப்புத் தாளும் சேர்ந்து விழும். அப்படிச் சுமை ஏறிய செமஸ்டரில் மாதிரி நீதிமன்றம், கல்லூரி விழாப் பொறுப்பு இரண்டையும் விட்டுவிடுங்கள். இன்டர்ன்ஷிப்பை மட்டும் விடாதீர்கள். அதன் மதிப்பெண் பெரும்பாலும் கடைசி செமஸ்டர்களில்தான் போடப்படும், அப்போது முதலாண்டு டைரியையும் வழிகாட்டியின் கையெழுத்தோடு மேசையில் வைக்க வேண்டும்.